ஊழும் ஆள்வினையும்: நம் கையில் உள்ளவையும் இல்லாதவையும்

முன்னுரை

ஒவ்வோர் ஆண்டும் பருவத் தேர்வு நெருங்கும் நாளில் வகுப்பறையில் ஒரு சொல் கேட்கும். "எழுதுவதை எழுதுவோம் ஐயா, தலையெழுத்துப்படி நடக்கட்டும்" என்பது அச்சொல். தேர்வு முடிவு வெளியான பின் வேறொரு சொல் கேட்கும். "அந்த ஒரு வினாவை மட்டும் விடாமல் எழுதியிருந்தால்..." என்பது அது. முதற்சொல்லைச் சொல்லும் மாணவன், தன் கையில் இருக்கும் முப்பது நாள்களை ஊழின் கையில் ஒப்படைத்துவிடுகிறான். இரண்டாம் சொல்லைச் சொல்பவனோ, தன் கையைவிட்டுப் போன மூன்று மணி நேரத்தைத் திரும்பப் பிடிக்க முயன்று உண்ணாமலும் உறங்காமலும் வாடுகிறான். வியப்பு என்னவெனில், இவ்விரு சொற்களையும் சொல்பவன் பெரும்பாலும் ஒருவனே.

மாணவரிடம் மட்டுமன்று, மூத்தோராகிய நம்மிடமும் இத்தடுமாற்றம் உண்டு. நோய்க்கு முன் "வருவது வரும்" என்கிறோம். நோய்க்குப் பின் "அன்றே மருத்துவரிடம் போயிருக்கலாமே" என்கிறோம். செய்ய வேண்டிய காலத்தில் விதியைப் பேசி, ஏற்க வேண்டிய காலத்தில் முயற்சியைப் பேசுகிறோம். வாழ்வில் நம் ஆளுகைக்கு உட்பட்டது எது, உட்படாதது எது என்ற வினாவுக்குத் தமிழ் இலக்கியமும் இஸ்லாமிய நெறியும் தரும் விடைகளை, நாம் வாழும் கொங்கு மண்ணின் சான்றுகளோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவரின் இரு அதிகாரங்கள்

திருக்குறளில் அறத்துப்பாலின் இறுதியில் நிற்பது 'ஊழ்' என்னும் 38ஆம் அதிகாரம். ஊழைவிட வலிமையுடையது வேறில்லை. அதனை விலக்க நாம் வேறொரு வழி தேடினாலும் நமக்கு முன்னே வந்து நிற்கும் என்பது அவ்வதிகாரத்தின் முடிந்த முடிபு. இதனைப் படிக்கும் மாணவன், பொருட்பாலில் 62ஆம் அதிகாரமாகிய 'ஆள்வினையுடைமை'க்கு வரும்போது திகைத்து நிற்கிறான். அங்கே வள்ளுவர், சோர்வின்றி இடைவிடாது முயல்பவர் ஊழையும் புறங்கண்டு விடுவர் என்கிறார். நல்வாய்ப்பு இல்லாமை ஒருவனுக்குப் பழியாகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்றும் அங்கே வரையறுக்கிறார். ஒரே ஆசிரியர் ஊழே வலியது என்றும், ஊழையும் வெல்லலாம் என்றும் கூறுவது முரண் அன்றோ என்ற வினா வகுப்புதோறும் எழுகின்றது.

இதற்கு உரையாசிரியர் பலர் பலவாறு அமைதி கூறியுள்ளனர். அவற்றோடு, அதிகாரங்கள் நிற்கும் வரிசையையும் உற்றுநோக்குமாறு மாணவர்க்கு நான் கூறுவதுண்டு. 60ஆவது ஊக்கமுடைமை. 61ஆவது மடியின்மை, அதாவது சோம்பல் இல்லாமை. 62ஆவது ஆள்வினையுடைமை. அதற்கு அடுத்து, 63ஆவதாக நிற்பது எது? 'இடுக்கண் அழியாமை'. துன்பம் வந்தபோது மனம் உடைந்து போகாமை.

இவ்வரிசையில் ஒரு காலமுறை இருப்பதைக் காணலாம். செயலுக்கு முன் ஊக்கம் வேண்டும், சோம்பல் கூடாது. செயலின்போது தளராத முயற்சி வேண்டும். இத்தனைக்குப் பிறகும் துன்பம் வருமாயின், அதற்கென்று ஓர் அதிகாரம் காத்திருக்கிறது. முயன்றவனுக்கெல்லாம் வெற்றி உறுதி என்று வள்ளுவர் கருதியிருப்பாரானால் 62ஆம் அதிகாரத்தோடு பேச்சு முடிந்திருக்கும். முயற்சியும் தோற்கக்கூடும் என்பதை அறிந்தவர் ஆதலின், தோற்றவன் நிமிர்ந்து நிற்பதற்கும் பத்துக் குறட்பாக்களை ஒதுக்கினார். முன்னோக்கி நிற்கும்போது ஆள்வினை, பின்னோக்கிப் பார்க்கும்போது அழியாமை எனக் கொண்டால், முரண்போலத் தோன்றியது முறையாகவே விளங்குகிறது.

மிதவை தரும் பாடம்

ஊழைப் பற்றிய சங்கப் பாடல்களுள் தலைசிறந்தது கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192ஆம் பாடல். மலையில் பெய்த மழை பேராறாகிக் கல்லில் மோதி இரைந்தோடுகிறது. அவ்வெள்ளத்தின் வழியே செல்லும் மிதவையைப் போன்றது உயிர் என்கிறார் புலவர். இதனை மட்டும் எடுத்துக்கொண்டால், 'எல்லாம் விதி' என்று கை கட்டி அமர்வதற்கு இப்பாடல் துணைபோவதுபோலத் தோன்றும்.

ஆயின் புலவர் இவ்வுண்மையிலிருந்து பெறும் முடிவு வேறு. வாழ்வு இத்தகையது என்று தெளிந்தமையால், பெரியோரைக் கண்டு வியத்தலும் செய்யோம். சிறியோரை இகழ்தல் அதனினும் செய்யோம் என்பதே அவர் கண்ட முடிபு. உயர்ந்தவன் உயர்ந்ததில் அவன் முயற்சியல்லாத பங்கும் உண்டு. தாழ்ந்தவன் தாழ்ந்ததில் அவன் குற்றமல்லாத பங்கும் உண்டு. இதனை உணர்ந்தவன் செருக்கடையான். பிறரை எள்ளவும் மாட்டான். ஆகவே ஊழ் என்னும் கோட்பாட்டைப் பூங்குன்றனார் சோம்பலுக்குத் துணையாக்கவில்லை. மாந்தரைச் சமமாக மதிக்கும் பண்புக்கே அதனைத் துணையாக்குகிறார். இது ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது.

கிரேக்கத்தின் ஓர் ஒப்புமை

ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமப் பேரரசில் எபிக்டெட்டஸ் என்றோர் அறிஞர் வாழ்ந்தார். அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவர். அவருடைய போதனைகளை மாணவர் ஆரியன் என்பார் எழுதிவைத்தார். உலகப் பொருள்களை நம் வயத்தன, நம் வயத்தன அல்லாதன என இரண்டாகப் பிரிப்பதே அவர் போதனையின் தொடக்கம். நம் எண்ணம், விருப்பு, வெறுப்பு ஆகியவை நம் வயத்தன. உடல், உடைமை, புகழ், பதவி ஆகியவை நம் வயத்தன அல்ல என்பார் அவர்.

உடலே பிறர்க்கு உடைமையாக இருந்த ஒருவர் உள்ளத்தை மட்டும் தமதாகக் கண்டது போற்றுதற்குரியது. எனினும் கொங்கு நாட்டு உழவர் ஒருவரிடம் இப்பகுப்பைச் சொன்னால், "மழை என் கையில் இல்லை, சரி. கிணறு யார் கையில் இருக்கிறது?" என்று அவர் கேட்கக்கூடும். எபிக்டெட்டஸ் பொருள்களுக்கிடையே கோடு போட்டார். வள்ளுவர் வரிசையில் நாம் கண்ட கோடோ காலத்தின் நடுவே விழுகிறது. ஒரே பொருள் நேற்று வரை நம் முயற்சிக்கு உரியதாகவும், இன்று நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதாகவும் இருத்தல் கூடும்.

கத்ரும் தத்பீரும்

இறைவனின் நிர்ணயமாகிய கத்ரை நம்புவது இஸ்லாமிய நம்பிக்கையின் அடிப்படைகளுள் ஒன்று. அதனோடு தத்பீர் எனப்படும் திட்டமிட்ட முயற்சியும், தவக்குல் எனப்படும் இறைவனிடம் பொறுப்புச் சாட்டுதலும் சேர்த்தே பேசப்படுகின்றன. இம்மூன்றின் வரிசை பிறழ்ந்தால் நம்பிக்கையே திரிந்துபோகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று கேட்டார். முதலில் கட்டு, பிறகு நம்பு என்பது பெருமானாரின் விடை. திர்மிதி நூலில் இடம்பெறும் இந்நபிமொழி நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுவதே. கட்டுவது முன், நம்புவது பின். கட்டாத ஒட்டகம் காணாமற் போனால் அதனை நிர்ணயத்தின்மேல் ஏற்றிச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

இதனினும் ஆழமான ஒரு நிகழ்ச்சி கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் நடந்தது. ஹிஜ்ரி 17, 18ஆம் ஆண்டுகளில் (கி.பி. 638-639) சிரியா நாட்டில் கொள்ளைநோய் பரவிற்று. அந்நாட்டை நோக்கிப் பயணம் மேற்கொண்டிருந்த உமர் (ரலி), ஸர்க் என்னும் இடத்தில் இச்செய்தியைக் கேட்டார்கள். பலரோடு கலந்து பேசித் திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள். அப்போது படைத்தலைவர் அபூ உபைதா (ரலி), இறைவனின் நிர்ணயத்திலிருந்து தப்பி ஓடுகிறீர்களா என்று வினவினார்கள். இறைவனின் ஒரு நிர்ணயத்திலிருந்து இறைவனின் மற்றொரு நிர்ணயத்திற்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடை கூறினார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமையாகவும் மறுசரிவு வறண்டும் இருந்தால், ஒட்டகத்தைப் பசுஞ்சரிவில் மேய்த்தாலும் வறண்ட சரிவில் மேய்த்தாலும் அது இறைவனின் நிர்ணயம்தானே என்று உவமையும் காட்டினார்கள். அதன்பின் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அங்கு வந்து, கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்று நாயகம் (ஸல்) பணித்ததைத் தாம் கேட்டதாகத் தெரிவித்தார்கள். புகாரி நூலில் இச்செய்தி காணப்படுகின்றது.

அபூ உபைதா (ரலி) நம்பிக்கை குறைந்தவரும் அல்லர். உமர் (ரலி) அச்சம் மிகுந்தவரும் அல்லர். அபூ உபைதா தம் படையோடு இருந்து அந்நோயிலேயே இறையடி சேர்ந்தார்கள். இருவருக்கும் இறைநம்பிக்கை ஒன்றே. நோய் மட்டுமே நிர்ணயம் அன்று, நோயிலிருந்து விலகும் அறிவும் நிர்ணயமே என்பதை உமர் (ரலி) கண்டுகொண்டார்கள் என்பதே இந்நிகழ்ச்சியின் பாடம்.

கொங்கு மண்ணின் சான்றுகள்

இனி நம் ஊருக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பது கோவை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கொட்டித் தீர்த்துவிட, பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்குக் காற்றே மிகுதியாக வருகிறது. தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை 900 மில்லிமீட்டருக்கு மேல். கோவை நகரில் அது 700 மில்லிமீட்டருக்கும் குறைவு. இது நாம் மாற்ற முடியாத அமைப்பு. ஊழ் என்ற சொல்லுக்கு நிலவியலில் எடுத்துக்காட்டு வேண்டுமாயின் இதனைக் காட்டலாம்.

ஆனால் இம்மண்ணின் வரலாறு, மழை இல்லை என்று அழுதவர்களின் வரலாறு அன்று. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன், பவானியாற்றின் குறுக்கே அணைகட்டி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்திற்கு வளைந்து வளைந்து செல்லும் வாய்க்காலை வெட்டி நொய்யலாற்றோடு இணைத்தார். வானம் தராததை ஆறு தரும். ஆறு தானே வராத இடத்திற்கு வாய்க்கால் வரும். தம் வழியினர் இவ்வாய்க்கால் நீரால் பயன்பெறுவதில்லை என்று அவர் சூளுரைத்து, ஊற்றுக்குளிக்குக் குடிபெயர்ந்தார் எனச் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. செய்தது தமது, அதன் பயன் தமதன்று எனக் கொண்ட உள்ளத்தை அச்செய்தி நமக்குக் காட்டுகிறது.

கோவை நகரின் குடிநீர் வரலாறும் இத்தகையதே. சேலம் பகடால நரசிம்மலு நாயுடு (1854-1922) இதழாசிரியராகவும் நூலாசிரியராகவும் சமூகத் தொண்டராகவும் விளங்கியவர். மலைமேல் ஓடும் சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எடுத்துரைத்தவர். அந்நீர் நகருக்குள் வந்தது அவர் மறைந்த பின்னர்தான். தாம் கனவு கண்ட நீரில் ஒரு குவளைகூட அவர் கோவையில் பருகவில்லை. திட்டத்தைச் சிந்திப்பதும் எழுதுவதும் எடுத்துரைப்பதும் அவர் கையில் இருந்தன, அவற்றைச் செய்தார். அது நிறைவேறும் நாள் அவர் கையில் இல்லை. அந்நாளைக் காணவில்லை என்பதனால் அவர் முயற்சி வீணாயிற்று என்று, சிறுவாணியைப் பருகி வளர்ந்த நாம் எவரேனும் கூறுவோமா?

20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்நகரைப் பிளேக் நோய் பலமுறை தாக்கியது. ஊரைவிட்டு மக்கள் வெளியேறிக் குடிசையிட்டுத் தங்கினர். கோவையில் இன்றும் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரில் கோயில்கள் உள்ளன. அந்த அச்சத்தின் நினைவை அப்பெயர் சுமந்து நிற்கிறது. அக்காலத்தில் பலர்க்கு அது தெய்வச் சினமாகவோ விதியாகவோ தோன்றியது இயல்பே. ஆயின் 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சின் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். 1897இல் பம்பாயில் ஹாஃப்கின் தடுப்பூசியை உருவாக்கினார். 1898இல் எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று சிமோன் காட்டினார். நேற்று வரை ஊழின் பக்கத்தில் இருந்த ஒன்று ஆள்வினையின் பக்கத்திற்கு நகர்ந்தது. ஆகவே இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு ஒரே இடத்தில் நிற்பதன்று. கல்வி வளர வளர அது நகர்கிறது. கல்லூரி என்ற ஒன்று இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

கோடு நகர்கிறது என்பதனால் அளவின்றி நகரும் என்று கொள்ளுதலும் பிழை. எருது பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் கிணற்று நீர் கிணற்றின் அளவாகவே இருந்தது. 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் மின்னிறைவைப் பொறிகள் வந்தன, வயல்கள் செழித்தன. பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டின. கடன்பட்டுத் தோண்டியும் நீர் காணாத உழவர் பலர். முயற்சியால் எதுவும் முடியும் என்ற எண்ணமும் ஒருவகை மயக்கமே. சோம்பல் தன் கையில் உள்ளதை ஊழ் என்கிறது. செருக்கு தன் கையில் இல்லாததைத் தன்னது என்கிறது. இரண்டுமே கோட்டைத் தவறாகப் போடுகின்றன.

ஊழ் எனக் கூறலாகாதவை

பிறர் செய்யும் தீங்கினை ஊழின்மேல் ஏற்றுவது மூன்றாவது வகைப் பிழை. நொய்யலாற்றின் குறுக்கே பாசனத்திற்காக ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் தேங்கி, நிலமும் கிணறும் கெட்டன. உழவர்கள் அதனைத் தலைவிதி என்று ஏற்றுக்கொள்ளவில்லை, நீதிமன்றம் சென்றனர். நெடிய வழக்கின் முடிவில், கழிவுநீரை வெளியேற்றாத முறையைக் கைக்கொள்ளாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதனால் பட்டறைத் தொழிலாளர் பலர் வேலையிழந்து வருந்தியதும் உண்மை. அத்துன்பமும் விதியன்று, உரிய காலத்தில் செய்யாதவற்றின் விளைவே.

சிலப்பதிகாரம் இதனை நமக்கு முன்பே உணர்த்தியுள்ளது. ஊழ்வினை வந்து தன் பயனை ஊட்டும் என்பது அக்காப்பியம் நிலைநாட்டும் மூன்று உண்மைகளுள் ஒன்று. அவ்வாறாயினும் கண்ணகி, கணவன் கொலையுண்டது ஊழ் என்று வீட்டுக்குள் அமர்ந்தாளா? இல்லை. சிலம்பை ஏந்தி அரசவைக்குச் சென்றாள். வழக்குரைத்தாள். தவற்றை நிறுவினாள். ஊழை நிலைநாட்டும் காப்பியமே, அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்பதையும் நிலைநாட்டுகிறது. கோவலன் மாண்டதற்கு ஊழ் காரணமாயினும், ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் பொறுப்பினின்று நீங்கவில்லை. இக்காப்பியத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் கொங்கு நாட்டு நிரம்பை ஊரினர் என்பதும், கண்ணகிக்கு விழா எடுத்தோருள் கொங்கிளங்கோசரும் அடங்குவர் என்பதும் நமக்குப் பெருமை தருவன. பொறுமை என்பது அநீதிக்குத் தலைவணங்குதல் அன்று என்பதை இம்மண் அன்றே போற்றியிருக்கிறது.

என் இல்லத்தில் ஒரு பாடம்

இவ்வளவும் நூல்களிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் கூறினேன். இவற்றை நான் உண்மையில் கற்றுக்கொண்டது 2021ஆம் ஆண்டில்தான்.

அவ்வாண்டு மார்ச் முதல் நாளிலிருந்து 60 வயது கடந்தோர்க்குக் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினர். என் அத்தாவுக்கு அப்போது 72 வயது. ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர். "அத்தா, நாளைக்குப் போய் ஊசி போட்டுட்டு வந்துரலாமுங்க" என்றேன். "பாக்கலாம்ப்பா. விதிச்சது எதுவோ அதுதான வரும்" என்றார்கள். நான் மறுமொழி கூறவில்லை. மீலாது மேடைகளில் உமர் (ரலி) அவர்களின் அந்நிகழ்ச்சியைப் பலமுறை முழங்கியவன் நான். அதனைப் பெற்றவர் முன் ஒருமுறை எடுத்துச்சொல்ல எனக்கு நா எழவில்லை. பெரியவரை எதிர்த்துப் பேசாமை மரியாதை என்று அன்று எண்ணினேன். அதில் பாதி மரியாதை. மறுபாதி 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற சோம்பல். இதனை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

மே மாத இறுதியில் நாள்தோறும் பதிவான தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையும் விஞ்சியது. ஜூன் மாதத்தில் அத்தா இறையழைப்பை ஏற்றார்கள். பாதுகாப்பு உடை அணிந்த ஒரு சிலரே நின்று அடக்கம் செய்தோம். சமாஅத் பெரியவர்கள் தொலைபேசியில் அழைத்து, "அல்லாஹ்வுடைய நாட்டம், மனசத் தேத்திக்கங்க" என்றனர். அவர்கள் கூறியது உண்மை. எனினும் என் நெஞ்சில் ஓயாது நின்றது ஒரே சொல்தான்: 'வற்புறுத்தியிருந்தால்'. ஊசி போட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அறிவில்லை. போடுவதற்குரிய முயற்சியை நான் முழுமையாகச் செய்யவில்லை என்பதை மட்டும் உறுதியாக அறிவேன்.

அந்நாள்களில் முஸ்லிம் நூலில் இடம்பெறும் ஒரு நபிமொழியை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். உனக்குப் பயன்தருவதில் ஆர்வம் கொள், இறைவனிடம் உதவி தேடு, இயலாதவனாய் அமர்ந்துவிடாதே, உனக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், 'இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லாதே, அச்சொல் சைத்தானின் செயலுக்கு வாயிலைத் திறக்கும் என்பது அதன் கருத்து. பலமுறை படித்ததுதான். அதன் முன்பகுதியையும் பின்பகுதியையும் நான் தலைகீழாக நடத்தியிருக்கிறேன் என்பது அன்றே தெரிந்தது. ஆர்வம் கொள்ள வேண்டிய மார்ச்சில் அமர்ந்திருந்தேன். அமைதி கொள்ள வேண்டிய ஜூனில் 'இருந்தால்' என்று சுழன்றுகொண்டிருந்தேன்.

அப்போது என் அம்மா இத்தாவில் இருந்தார்கள். அவர்களுக்கும் ஊசி போடப்படவில்லை. கடந்துபோனதை எண்ணி வீட்டில் இருவரும் அழுதுகொண்டிருக்க, முன்னே இருந்த கடமை மறுபடியும் கைநழுவிக்கொண்டிருந்தது. ஆலிம் ஒருவரிடம் கேட்டேன். மருத்துவத் தேவைக்காக வெளியே செல்லத் தடையில்லை என்றார். அம்மாவிடம் சொன்னேன். "உங்கத்தா போடாதத நா மட்டும் போட்டு என்னாகப் போகுது?" என்றார்கள். அத்தாவிடம் சொல்லாமல் விட்ட அந்நிகழ்ச்சியை, வறண்ட சரிவும் பசுஞ்சரிவுமாக, அம்மாவிடம் அமர்ந்து சொன்னேன். சிறிதுநேரம் பேசாதிருந்துவிட்டு, "போலாம், வா" என்று எழுந்தார்கள்.

அம்மா இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். அது ஊசியினாலா, இறைவன் நாட்டத்தினாலா என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. ஊசியைக் கண்டவனின் அறிவும் அவன் நாட்டமே அல்லவா? 'வற்புறுத்தியிருந்தால்' என்ற சொல் முற்றிலும் அகன்றுவிட்டது என்றும் கூறேன். அது எழும்போதெல்லாம், 'இனி யாரிடம் நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன்?' என்று அதனை முன்னோக்கித் திருப்பக் கற்றுக்கொண்டேன்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் மூன்று உண்மைகள் பெறப்படும். வருவதற்கு முன் முயற்சியும், வந்த பின் பொறுமையும் நமக்குரியவை. இவ்வரிசையை மாற்றுவதே பெரும்பாலான துன்பங்களுக்கு வித்து. நம் ஆளுகையின் எல்லை கல்வியால் விரிகிறது. எனினும் அது எல்லையற்றதாகிவிடுவதில்லை. மனிதர் செய்யும் அநீதிக்கு ஊழ் என்று பெயர் சூட்டுதல் பொறுமையாகாது.

மாணவச் செல்வங்களே! எந்தச் செயலாயினும் மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இது இன்னும் நடக்க வேண்டியதா, நடந்து முடிந்ததா? நடக்க வேண்டியதாயின் நான் கட்ட வேண்டிய ஒட்டகத்தைக் கட்டிவிட்டேனா? நடந்து முடிந்ததாயின், இதிலிருந்து நாளைக்கு எடுத்துச்செல்ல என்ன இருக்கிறது? விடைத்தாளில் எழுதுவது உங்கள் கையில் உள்ளது. அதனைத் திருத்தும் கை உங்களுடையதன்று. தேர்வில் தவறியவனை இகழாதீர்கள். தவறினால் உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தேர்வு ஒரு வாழ்க்கைக்கு ஈடாகாது. மனம் தாங்காத நாளில் ஆசிரியர் அறைக்கு வாருங்கள். பெற்றோரிடம் வாய்திறந்து பேசுங்கள்.

சமுதாயப் பெரியோர்க்கும் பணிவோடு ஒன்று கூறி அமைகின்றேன். உங்கள் பிள்ளைகள் உங்கள் நலம் கருதி எதையேனும் எடுத்துச் சொல்லத் தயங்கி நிற்கக்கூடும். அவர்கள் பேச இடம் கொடுங்கள். அவர்கள் வாயில் வரும் அந்தச் சொல்லும் உங்களுக்காக இறைவன் நாடிய நன்மையாக இருக்கலாம்.